திருகோணமலைப் பிள்ளைகளை இயற்கை வரலாற்று நூதனசாலைக்குக் கூட்டிப்போனால் பயன் இருக்குமா?

திருகோணமலையிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியை கேட்டிருக்கிறார்: தரம் 7 பிள்ளைகள் நாற்பது பேரைக் கொழும்பு இயற்கை வரலாற்று நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போக யோசிக்கிறோம், போவதற்கு மட்டும் ஏறக்குறைய 260 கிலோமீற்றர், பெற்றோர்தான் காசு சேர்த்துத் தர வேண்டும், வெளிநாட்டு நூதனசாலைகளில் பாடசாலைகளுக்கும் குடும்பங்களுக்கும் நல்ல நிகழ்ச்சிகள் நடப்பதாக வாசிக்கிறேன், நாங்கள் போய் அப்படி ஏதாவது பயன் கிடைக்குமா, என் சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேரோடு தனியாகப் போனால் என்ன செய்வது என்று. வெளியில் பார்த்தால் இது பயணத்தைப் பற்றிய கேள்வி. அவருடைய உண்மையான கவலை, கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் செத்த மிருகத்தைப் பார்த்து ஒரு பிள்ளை எதைக் கற்றுக்கொண்டு வீடு திரும்பும் என்பது. நாளைக்குப் பெற்றோர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால் அந்தக் கவலைக்கே பதில் எழுதுகிறேன்.

நான் விலங்கியல் படித்தவன். சில ஆண்டுகள் கொழும்பில் நூதனசாலைக் கல்விப் பணியில் இருந்தேன். அதன் பிறகு கிழக்கில் விஞ்ஞான ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதே என் வேலை. பாறை, மண் பற்றி வரும் இடங்களில் அடிப்படைக்கு மேல் போக மாட்டேன், அது என் துறை இல்லை. சுருக்கமான பதில் வேண்டும் என்றால்: போங்கள், ஆனால் திருகோணமலையிலேயே சில வாரங்கள் வேலை செய்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். நாற்பது பேரை பஸ்ஸில் ஏற்றி, தெஹிவளை மிருகக்காட்சிசாலை, நூதனசாலை, தாமரைக் கோபுரம், காலிமுகத்திடல் எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிக் கூட்டிவருவதாக இருந்தால், அதைச் சந்தோஷமான சுற்றுலா என்றே பெற்றோரிடம் சொல்லிக் காசு கேளுங்கள். சுற்றுலா போவதில் ஒரு குறையும் இல்லை. படிப்பு அதில் அதிகம் ஒட்டாது, அவ்வளவுதான்.

இது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை. 1978இல் ஜோன் ஃபாக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் பாடசாலை வெளிக்களப் பயணங்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பழக்கமில்லாத இடத்துக்குப் போன பிள்ளைகளுடைய கவனம் முதலில் அந்த இடத்தைப் பழகுவதிலேயே செலவாகிவிடுகிறது, கொடுத்த பாடம் பின்னுக்குப் போய்விடுகிறது என்பதே அதில் தெரிந்தது. திருகோணமலையிலிருந்து இரவு பஸ்ஸில் போய், அரைத் தூக்கத்தில் கொழும்பில் இறங்கும் பிள்ளைக்கு இது இரண்டு மடங்கு. வாசல் எங்கே, மலசலகூடம் எங்கே, எப்போது சாப்பாடு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதையெல்லாம் முதல் நாளே வகுப்பில் படம் போட்டுக் காட்டிவிட்டால் அந்தப் பாரம் பாதி இறங்கும். செலவே இல்லாத வேலை, ஆனால் அநேகமானோர் செய்வதில்லை. களைப்பும் புதிய விஷயம் அல்ல. பார்வையாளர்கள் குனிந்தும் எட்டிப் பார்த்தும் எப்படிச் சோர்ந்துபோகிறார்கள் என்று பெஞ்சமின் கில்மன் 1916இலேயே படங்களோடு எழுதியிருக்கிறார். அவர் பார்த்தது பெரியவர்களை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் உன்னிப்பாகப் பார்ப்பதை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன்.

மூன்றாவது, வினாத்தாள். இருபது கேள்வி, இருபது வெற்றிடம். பிள்ளை மிருகத்தைப் பார்ப்பதே இல்லை. பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு அடுத்த பெட்டிக்கு ஓடும், பாதிப்பேர் முன்னால் போனவனுடைய தாளைப் பார்த்து எழுதுவார்கள். சிட்னியில் ஜெனெட் கிரிஃபினும் டேவிட் சிமிங்டனும் பாடசாலைக் குழுக்களைப் பின்தொடர்ந்து பார்த்து 1997இல் இதைத்தான் எழுதினார்கள்: ஆசிரியர்களின் கவனம் தாளை நிரப்புவதிலும் பிள்ளைகளை ஒழுங்காக வைத்திருப்பதிலும் போய்விடுகிறது, வகுப்பில் படிப்பதற்கும் நூதனசாலையில் பார்ப்பதற்கும் தொடர்பு இல்லாமல் போகிறது. நம் நாட்டிலும் நான் பார்த்தது அதுவே. ஆசிரியர்களைக் குற்றம் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளைத் தொலைக்காமல் திரும்பக் கொண்டுவருவதே பெரிய பொறுப்பு.

இவ்வளவும் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை. உறுதி இல்லாத பக்கமும் இருக்கிறது. ஒரு நாள் நூதனசாலைக்குப் போன பிள்ளை பிற்காலத்தில் விஞ்ஞானத்தில் ஆர்வம் கொள்ளும் என்று பலரும் எழுதுகிறார்கள். பெரியவர்களான பிறகு கேட்டால் சின்ன வயதில் போன நூதனசாலை பலருக்கு ஞாபகம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பயணம்தான் ஆர்வத்தை உண்டாக்கியதா, ஆர்வமுள்ள வீடுகளிலிருந்து போனவர்களா என்று பிரித்துக் காட்டுவது மிகவும் கடினம். ஆகவே பெற்றோர் கூட்டத்தில் அந்த வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள்.

சரி, வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்கு வருவோம். வொஷிங்டனில் ஸ்மித்சோனியனின் இயற்கை வரலாற்று நூதனசாலை 1974இல் ஓர் அறையைத் திறந்தது. எலும்பு, சிப்பி, தோல், கல் எல்லாவற்றையும் பெட்டிகளில் போட்டு, பிள்ளைகளும் பெற்றோரும் கையில் எடுத்துப் பார்க்க விட்டார்கள். இன்று உலகம் முழுக்க இருக்கும் ‘தொட்டுப் பார்’ அறைகளுக்கு அது ஒரு முக்கியமான முன்மாதிரி. லண்டனில் பிள்ளைகள் இரவு தங்கிப் படுத்தெழும்பும் நிகழ்ச்சிகூட உண்டு. 2017இலிருந்து அந்தக் கட்டடத்தின் பெரிய மண்டபத்தில், 1891இல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. ஆனால் நமக்கு அதிகம் உதவக்கூடியது சிகாகோவில் நடந்தது. அங்கே 1911இல் நோர்மன் வெய்ட் ஹரிஸ் என்பவர் கொடுத்த நன்கொடையைக் கொண்டு, ஃபீல்ட் நூதனசாலை சின்னச் சின்னக் காட்சிப் பெட்டிகள் செய்து நகரத்துப் பாடசாலைகளுக்கு அனுப்பி, சில வாரங்களில் திரும்ப எடுத்து அடுத்த பாடசாலைக்குக் கொடுத்தது. நூறு ஆண்டுகள் கடந்தும் அந்த இரவல் ஏற்பாடு இருக்கிறது. பிள்ளைகள் நூதனசாலைக்கு வர முடியாவிட்டால் நூதனசாலை பிள்ளைகளிடம் போகட்டும் என்ற எண்ணம். திருகோணமலைக்குத் தேவையானது இதுதான் என்று நான் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். வலயத்தில் ஐந்தாறு பாடசாலைகள் சேர்ந்தால் ஆளுக்கொரு பெட்டி செய்து சுற்றுக்கு விடலாம். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

பெட்டிக்குள் என்ன வைப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். நான் பல்லில் தொடங்குவேன். ‘பல்லைப் பார்த்து சாப்பாட்டைச் சொல்ல முடியுமா?’ என்ற ஒரு கேள்வி போதும், தவணை முழுக்க ஓடும். இறைச்சிக் கடையில் முதல் நாளே சொல்லிவைத்தால் ஆட்டுத் தலை கிடைக்கும். ஆடு என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு: தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சேர்ந்து இருக்கும் வகுப்பில் மாட்டுத் தலையும் சரிவராது, பன்றித் தலையும் சரிவராது. மச்சம் சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகள் தொட விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள், தள்ளி நின்று வரையட்டும். தலையை வீட்டிலோ ஆய்வுகூடத்திலோ, கொதித்துத் துள்ள விடாமல் மெல்லிய சூட்டில் பல மணித்தியாலம் அவிய வைத்து, இறைச்சியைக் களைந்து, சவர்க்காரத் தண்ணீரில் சில நாள் ஊறவைத்துக் காயவைத்தால் மண்டையோடு தயார். குளோரின் கலந்த வெளுப்பு நீர் ஊற்ற வேண்டாம், வெள்ளையாகத்தான் வரும், ஆனால் எலும்பு நாளடைவில் பொரிந்து கொட்டும்.

அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். என்ன தெரிகிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய், வேறென்ன இருக்கிறது என்ற மூன்று கேள்விகளை மட்டும் மாறி மாறிக் கேளுங்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை, ‘ரீச்சர், மேல்பக்கம் முன்பல்லே இல்லை, விழுந்துவிட்டதா?’ என்று கேட்கும். விழவில்லை. ஆட்டுக்கு மேல்தாடையில் வெட்டும் பல் கிடையாது, தடித்த முரசுதான் இருக்கும். கீழ்ப்பல்லை அதில் அழுத்திப் புல்லைப் பிடித்துப் பிய்க்கும். இதை நீங்களே முந்திச் சொன்னால் ஒரு தகவல். பிள்ளை கண்டுபிடித்தால் அது அந்தப் பிள்ளையினுடையது. அடுத்த வாரம் கோட்டைக்குப் போங்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் புள்ளிமான் மேய்வதைத் திருகோணமலையில் பார்க்காத பிள்ளை இல்லை. ஆனால் மான் எப்படிக் கடிக்கிறது என்று பார்த்த பிள்ளை எத்தனை பேர்? அதற்கும் மேல் முன்பல் இல்லை. அப்படியே கொம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்: ஆண்மானுக்கு மட்டும் கிளைவிட்ட கொம்பு, அது உதிர்ந்து மறுபடி முளைக்கும், ஆட்டுக் கொம்பு உதிராது. முளைக்கும் காலத்தில் கொம்பின் மேல் மெல்லிய மயிர்த்தோல் இருக்கும். இந்த மான்களை யார் கொண்டுவந்து விட்டார்கள் என்பதற்கு ஊரில் பல கதை உண்டு. அதைக் கதை என்றே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தயவுசெய்து சாப்பாட்டுப் பையோடு அங்கே போகாதீர்கள். அந்த மான்கள் பொலித்தீன் தின்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நாற்பது பிள்ளைகளின் பார்சல் கடதாசி அதோடு சேர வேண்டாம்.

பிறகு மீன் சந்தை. அங்கே தகப்பனோ மாமாவோ வேலை செய்யும் பிள்ளை வகுப்பில் நிச்சயம் இருக்கும், அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் ஆசிரியர். கிளிமீனின் தலை ஒன்று வாங்குங்கள்: பற்கள் ஒட்டி அலகு போலிருக்கும், அதனால் பாறையையும் பவளத்தையும் சுரண்டித் தின்னும்; அரைத்துக் கழிப்பது வெள்ளை மணலாக விழுகிறது. பாரையின் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லை எடுத்துக் கைவில்லையில் பார்த்தால் வளையங்கள் தெரியலாம். குளிர்ந்த கடல்களில் அந்த வளையத்தை எண்ணி மீனின் வயதைச் சொல்கிறார்கள். நம்முடையது போன்ற வெப்பக் கடலில் வளையம் அவ்வளவு தெளிவாக விழாது, அதனால் வயதை அடித்துச் சொல்லாதீர்கள். ‘இருக்கலாம்’ என்று எழுதப் பழக இது நல்ல இடம். கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டையும் பெட்டியில் போடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பது அதுதான். உடைத்துப் பார்த்தால் மெல்லிய அறை அறையாக இருக்கும்; அதில் காற்றையும் நீரையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் மிதக்கிறது.

பல்லில்லாத பெரிய உயிரையும் விட்டுவிடாதீர்கள். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிகக் கிட்டவே ஆழமாகப் போகிறது. ஆழ்கடல் உயிர்களான நீலத்திமிங்கிலமும் பல்திமிங்கில வகையான ஸ்பேர்ம் திமிங்கிலமும் இங்கே கரையோரம் வருவதற்கு அது ஒரு காரணம். முதலாவதற்கு வாயில் பல்லே இல்லை, நம் நகம் செய்யப்பட்ட அதே வகைப் பொருளாலான தட்டுகள் சல்லடைபோலத் தொங்கும். இரண்டாவதற்குக் கீழ்த்தாடை முழுக்கக் கூம்புப் பல். ஒரே கடலில் இரண்டு வாய், இரண்டு சாப்பாடு. படகு பிடித்துப் பார்க்கப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. படத்தை வைத்தே நல்ல பாடம் நடத்தலாம்.

கன்னியா வெந்நீர் ஊற்றும் புல்மோட்டைக் கறுப்பு மணலும் வேறு பாடங்கள், சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். கன்னியாவில் ஏழு கிணற்றிலும் வெப்பமானியால் அளந்து வரைபடம் கீறலாம். அங்கே ஈமக்கடன் செய்ய வருபவர்கள் இருந்தால் ஒதுங்கி நின்று, கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சூட்டுக்குக் காரணம் எரிமலை இல்லை என்பது உறுதி. மழைநீர் பிளவுகள் வழியே ஆழத்துக்குப் போய்ச் சூடாகி மேலே வருகிறது. எந்தப் பிளவு, எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் ஆய்வாளர்கள் வாதாடும் விஷயம். கறுப்பு மணலில் இல்மனைற்று என்ற இரும்பு கலந்த கனிமம் இருக்கிறது. வலுவான காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டு மணலில் வைத்தால் கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும், பையைக் கழற்றினால் கொட்டிவிடும். மணலை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சேகரிப்பதைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். பவளப்பாறைத் துண்டு, ஆமை ஓடு, மான் கொம்பு எதையும் பெட்டிக்காக எடுக்கக் கூடாது. வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலிருந்தே இருக்கிறது, கரையில் கிடந்தது என்பது சாட்டாகாது. 2003இலிருந்து தேசிய பூங்காவாக இருக்கும் புறாமலைத் தீவுக்கு நாற்பது பேரை ஒரேயடியாகக் கூட்டிப்போவதும் எனக்கு உடன்பாடில்லை. ஆழமில்லாத இடத்தில் பிள்ளைகள் பவளத்தின் மேல்தான் கால் வைப்பார்கள். கூட்டிப்போவதானால் பத்துப் பேர், எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி, நீந்தத் தெரிந்த பெரியவர்கள், கடல் அடங்கியிருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான காலம்.

இவ்வளவுக்கும் பிறகு கொழும்புக்குப் போகும் பிள்ளை வேறு கண்ணோடு போகும். கொழும்பு தேசிய நூதனசாலை 1877இல் ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில் திறக்கப்பட்டது. விலங்கு, தாவர, பாறைச் சேகரிப்புக்கென்று பக்கத்தில் இயற்கை வரலாற்று நூதனசாலை 1986இல் தனியாக வந்தது. அங்கே பிள்ளைகள் கட்டாயம் கேட்பது டைனோசர். இலங்கையில் டைனோசர் எலும்பு கிடைக்காததற்கான காரணம் நம் ஊரிலேயே நிற்கிறது: இலங்கையின் பெரும்பகுதி, கோணேசர் மலை உட்பட, 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. டைனோசர் தோன்றுவதற்கு வெகு முன்னால் உண்டான பாறைக்குள் டைனோசர் எலும்பு இருக்காது. அதற்குப் பதிலாக இரத்தினபுரி மாணிக்கக் குழிகளின் கதையைச் சொல்லுங்கள். 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த தெரணியகல, அந்தச் சரளைக் கற்களுக்குள் கிடைத்த நீர்யானை, காண்டாமிருக எச்சங்களை விவரித்தார். இலங்கையில் சிங்கம் வாழ்ந்தது என்று அவர் சொன்னது இரத்தினபுரிக்குப் பக்கத்துக் குருவிட்டவில் கிடைத்த இரண்டே பற்களை வைத்து. ஒரு தவணை முழுக்கப் பல் பார்த்த பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், இரண்டு பல் போதுமா என்று வகுப்பே சண்டை பிடிக்கும். விஞ்ஞானம் நடப்பதும் அப்படித்தான்.

அங்கே செய்ய வேண்டியது கொஞ்சம். ஏழெட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். வினாத்தாளுக்குப் பதில் வெள்ளைத் தாளும் பென்சிலும். ஒவ்வொருவரும் பாலூட்டிகளில் மூன்றைத் தெரிந்து வாயை மட்டும் வரையட்டும். யானையின் கடைவாய்ப் பல் எங்காவது இருந்தால் அங்கே ஆறுதலாக நில்லுங்கள்: யானைக்கு ஆயுளில் ஆறு தடவை அந்தப் பல் பின்னாலிருந்து முன்னுக்கு நகர்ந்து மாறும். அதிபர் மூலம் அனுப்பும் கடிதத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: தமிழில் விளக்கக்கூடிய அலுவலர் அன்று இருப்பாரா, கையில் தொட்டுப் பார்க்கத் தரக்கூடிய பொருள் ஏதும் உண்டா, அன்றைக்கு மூடியிருக்கும் பகுதி எது. பாடசாலைச் சலுகைக் கட்டணமும் அந்தக் கடிதத்திலேயே.

உங்கள் சொந்தப் பிள்ளைகளோடு போகும்போது ஆசிரியையாகப் போகாதீர்கள். குடும்பமாக வருபவர்களை நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். பலகையை வாசித்துக் காட்டும் தாய்தகப்பனோடு பிள்ளை அதிக நேரம் நிற்பதில்லை. ‘இது நம் அப்பப்பாவின் வலையில் வருமே’ என்று சொல்பவரோடு நிற்கும். எந்தப் பக்கம் போவது என்பதைச் சின்னவர் தீர்மானிக்கட்டும். அரை மணித்தியாலத்தில் போதும் என்றால் வெளியே வந்து மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு, விரும்பினால் மறுபடி உள்ளே போகலாம். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரியவர்களுக்குத்தான். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லி, கேள்வியைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

இப்போதிருந்தே நாள் குறிப்பதானால், ஆட்டுத் தலையும் மீன் சந்தையும் முதலாம் தவணையில். கோட்டைக்குக் காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன். கொழும்புக் கடிதத்தை முதலாம் தவணை முடிவதற்குள் அனுப்பிவிட்டு, பயணத்தை இரண்டாம் தவணை நடுவில் வையுங்கள். திரும்பி வந்த அடுத்த பாடத்திலேயே வரைந்த வாய்களைச் சுவரில் ஒட்டி, பெயர் தெரியாமல் சாப்பாட்டைச் சொல்லும் விளையாட்டை நடத்துங்கள். ஒரு கிழமை தள்ளிப்போட்டால் பாதி மறந்துவிடும். பெட்டி செய்து முடித்த பாடசாலை எதாவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள், பக்கத்துப் பாடசாலையோடு மாற்றிக்கொள்ள ஒழுங்கு செய்யலாம்.